கிரைண்டரை மச்சானிடமே திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: கடலூர் முதுநகரில் குடியிருக்கிறேன். வேலை சிதம்பரத்தில். தினமும் காரில்தான் போய் வருகிறேன். கறுப்பு வண்டி, வாங்கி ஆறு வருடம் ஆகிறது. நிழலில் பார்த்தால் பளபளப்பாகத்தான் இருக்கிறது. வெயிலில் நிறுத்தினால் கதவு, டிக்கி எல்லாம் வட்ட வட்டமாக நுண்ணிய கீறல்கள். பட்டறையில் கேட்டால், "ரப்பிங் போட்டா சரியாயிடும் சார்" என்கிறார்கள். எனக்கோ வீட்டிலேயே செய்து பார்க்க ஆசை. மச்சான் வெல்டிங் கடை வைத்திருக்கிறார். அவரிடம் உள்ள கிரைண்டரில் கம்பளி பேடு மாட்டினால் போதும் என்கிறார். ஆன்லைனில் பார்த்தால் மஞ்சள், ஆரஞ்சு, நீலம், கறுப்பு என்று கலர் கலராக ஃபோம் பேடுகள். எந்த மெஷின், எந்தப் பேடு வாங்குவது? ஒருமுறை இடித்ததில் பானெட்டுக்கு மட்டும் திரும்பப் பெயிண்ட் அடித்திருக்கிறோம். அதையும் பாலிஷ் செய்யலாமா?

— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: முதலில் மச்சானின் யோசனைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். வெல்டிங் கடை கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றும். அதில் 5 அங்குலப் பேடு மாட்டினால் அதன் விளிம்பு மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் பெயிண்டில் உரசும். பாலிஷ் செய்யும் ரோட்டரி மெஷினை 1,500 சுற்றில் ஓட்டினால் அதே விளிம்பின் வேகம் சுமார் 36 கிலோமீட்டர்தான். கிரைண்டர் இரும்பை அறுக்கச் செய்த கருவி. உங்கள் கதவில் வைத்தால் சில நொடிகளில் அடிப் பெயிண்ட் தெரியும்.

மெஷின் வாங்குவதற்கு முன்னால், எதைத் தேய்க்கப் போகிறோம் என்பது தெரிய வேண்டும். தகரத்தின் மேல் துரு பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். உங்கள் கீறல்கள் இருப்பது இந்தக் கிளியர் கோட்டில். கம்பெனியில் அடித்து வரும் கார்களில் இதன் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி இதைவிடத் தடிமன். பாலிஷ் என்பது கீறலை நிரப்பும் வேலை அன்று. கீறலைச் சுற்றியுள்ள பரப்பை அதன் ஆழத்துக்குச் சீவி எடுக்கும் வேலை. தேங்காய் துருவும்போது கை அழுந்தினால் வெள்ளையோடு தவிட்டு நிறத் தோலும் சேர்ந்து வருமே, அதே கதைதான். போன கிளியர் கோட்டைத் திரும்ப வைக்க முடியாது. அதனால் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளையும் ஒரே கேள்வி கேட்டு வாங்குங்கள்: குறைவாகச் சீவி வேலையை முடிக்க இது உதவுமா?

எந்தக் கீறல் போகும், எது போகாது என்பதற்கு விரல் நகமே போதும். கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் மாட்டினால் அதை விட்டுவிடுங்கள். அது பெயிண்டர் வேலை. மாட்டாவிட்டால் பாலிஷுக்கு அடங்கும்.

மெஷின்

கடைகளில் மூன்று வகை கிடைக்கும். பட்டறையில் நீங்கள் பார்த்திருப்பது ரோட்டரி. ஒரே அச்சில் சுற்றும், வேகமாக வெட்டும், சூடும் ஒரே இடத்தில் ஏறும். கைப்பழக்கம் உள்ளவரிடம் அது நல்ல கருவி. பழகாதவர் கையில் விளிம்புப் பெயிண்டைத் தின்றுவிடும். தின்னாவிட்டாலும், வெயிலில் அசைந்து அசைந்து தெரியும் ஹாலோகிராம் கோடுகளை விட்டுச்செல்லும். கறுப்பு வண்டியில் அவை பழைய கீறலைவிட மோசமாகத் தெரியும்.

உங்களுக்கு வேண்டியது டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டி.ஏ. மெஷின். இதில் பேடு சுற்றிக்கொண்டே சிறு வட்டமாக ஆடவும் செய்யும். அளவுக்கு மீறி அழுத்தினாலோ சாய்த்துப் பிடித்தாலோ சுற்றுவது நின்று ஆட்டம் மட்டும் இருக்கும். புதியவருக்கு இதுவே பாதுகாப்பு. கியர் வைத்துக் கட்டாயமாகச் சுற்றவைக்கும் மூன்றாம் வகையும் உண்டு, மக்கிட்டாவின் பி.ஓ.5000சி போன்றவற்றில் ஒரு சுவிட்சைத் திருப்பி இரண்டு விதமாகவும் ஓட்டலாம். முதல் முறைக்கு அது தேவைப்படாது.

டி.ஏ. வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் வாட்டைவிட 'த்ரோ' அளவைப் பாருங்கள். பேடு எவ்வளவு அகலமாக ஆடுகிறது என்பதுதான் அது. 8, 15, 21 மில்லிமீட்டர் என்று வரும். 21 மி.மீ. மெஷின் அகலமான தட்டைப் பரப்புகளில் வேலையைச் சீக்கிரம் முடிக்கும். வளைவில் அடிக்கடி நின்றுபோகும். வீட்டுக் காருக்கு, பேடு ஒட்டும் 5 அங்குல பேக்கிங் பிளேட்டும் 8 அல்லது 15 மி.மீ. த்ரோவும் போதும். தச்சுவேலைக்கு விற்கும் ஆர்பிட்டல் சாண்டரும் பார்க்க இதேபோல் இருக்கும். அதன் ஆட்டம் 2, 3 மில்லிமீட்டர்தான், ஏமாந்துவிடாதீர்கள். டிரில் மெஷினில் மாட்டும் பேடு ஹெட்லைட் கண்ணாடிக்கு ஆகும், கதவுக்கு ஆகாது.

இன்னும் மூன்றைப் பாருங்கள்: வேகத்தைக் குறைத்துக் கூட்டும் டயல், தேய்ந்தால் மாற்றத்தக்க பேக்கிங் பிளேட், உங்கள் ஊரிலேயே கிடைக்கும் கார்பன் பிரஷ். பெயர் தெரியாத கம்பெனி மெஷின் மலிவாகக் கிடைக்கும். பிளேட் பிய்ந்த அன்று மாற்று கிடைக்காமல் மெஷினே மூலைக்குப் போய்விடும்.

பேடு

பாலிஷில் எவ்வளவு வெட்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பேடும் அதில் விடும் பாலிஷ் மருந்தும்தான். ஆகவே மெஷினில் மிச்சம் பிடித்தாலும் பேடில் பிடிக்காதீர்கள்.

அதிகம் வெட்டுவது கம்பளி. அடுத்தது மைக்ரோஃபைபர். அதற்கடுத்து ஃபோம், அதிலேயே கெட்டி, நடுத்தரம், மிருது என்று உண்டு. நீங்கள் குழம்பிய நிறங்களை மறந்துவிடுங்கள். எந்த நிறம் கெட்டி, எந்த நிறம் மிருது என்பதற்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி கிடையாது. ஒரு கம்பெனியின் ஆரஞ்சு வெட்டும். இன்னொன்றின் ஆரஞ்சு மெருகேற்றும். கட்டிங், பாலிஷிங், ஃபினிஷிங் என்று எழுதியிருப்பதைப் படித்து, ஒரே கம்பெனியில் வாங்குங்கள்.

பேடு பிளேட்டைவிட அரை அங்குலமாவது பெரிதாக இருக்க வேண்டும். 5 அங்குல பிளேட்டுக்கு ஐந்தரை அங்குலப் பேடு. அப்போதுதான் பிளேட்டின் விளிம்பு பெயிண்டைத் தொடாது. ரொம்பத் தடித்த ஃபோம் மெஷினின் ஆட்டத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். ஒரு அங்குலத்துக்குள் பாருங்கள். நடுவில் ஓட்டை உள்ளது சூட்டைக் கொஞ்சம் வெளியேற்றும்.

உங்கள் கார் அளவுக்கு நடுத்தர ஃபோம் நான்கு, மிருதுவான ஃபினிஷிங் பேடு இரண்டு, மைக்ரோஃபைபர் கட்டிங் பேடு ஒன்று. நான்கு எதற்கு என்று கேட்பீர்கள். ஒரே பேடில் முழு வண்டியையும் செய்தால் பேடு நனைந்து சூடேறி, பின்னால் உள்ள வெல்க்ரோ ஒட்டு விட்டுப்போகும். தேய்ந்து வந்த கிளியர் கோட் தூளும் பேடிலேயே தங்கிப் புதுக் கீறல் போடும். இரண்டு பகுதி முடிந்ததும் பேடை மாற்றிக்கொள்ளலாம். மருந்தில் ஒரு நடுத்தர பாலிஷ், ஒரு ஃபினிஷிங் பாலிஷ். அதிகம் வெட்டும் கட்டிங் காம்பவுண்டைக் கடைசித் தேவைக்கு வைத்திருங்கள்.

மெஷினைத் தொடுவதற்கு முன்

உங்கள் கீறல்கள் எங்கிருந்து வந்தன என்பதை நீங்கள் போகும் சாலையே சொல்லும். சிப்காட் தாண்டி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வரை கடற்கரையை ஒட்டிய மணல் காற்று. நெய்வேலி பக்கமிருந்து வரும் சாம்பல் லாரிகள். சம்பா அறுவடையில் சாலையோரம் காயும் நெல்லின் சுணை. இவற்றில் மணலும் சாம்பலும் கிளியர் கோட்டைவிடக் கடினம். காலையில் பனி ஈரத்தோடு படிந்திருக்கும் அந்தத் தூசியைப் பழைய பனியன் துணியால் வறட்டுத் துடைப்பு துடைக்கிறோம் பாருங்கள், அங்கேதான் கீறல் பிறக்கிறது. தூசி படிந்த வண்டி மேல் கவரை இழுத்துப் போடுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

எனவே முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்குங்கள். பிறகு கார் ஷாம்பு, இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு நீர், மற்றதில் துணியை அலசும் நீர். போர் தண்ணீரைக் காயவிட்டால் உப்புக் கறை வட்டமாகப் பதியும். ஈரம் இருக்கும்போதே மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுங்கள். அப்புறம் கையில் மெல்லிய பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு கதவைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். இருந்தால் களிமண் போன்ற கிளே பாரும் அதற்கான வழுக்கு திரவமும் போட்டு உருவி எடுங்கள். அழுக்கின் மேல் பாலிஷ் போடுவது, மணலை வைத்துத் தேய்ப்பதற்குச் சமம்.

ஒரு சின்னச் சதுரம்

டிக்கி மூடியில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடத்தை மாஸ்கிங் டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். நடுத்தர ஃபோமில் பாலிஷ் நான்கைந்து சொட்டு. பேடைப் பெயிண்டில் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். இல்லையென்றால் சுவரெல்லாம் மருந்து. டயல் 1-ல் பரப்பி, 4-க்கு ஏற்றி, நொடிக்கு ஒரு அங்குலம் என்ற நிதானத்தில், ஒரு கோட்டின் பாதியை அடுத்த கோடு மூடும்படி நகருங்கள். மேலும் கீழுமாக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை. இப்படி நான்கு தடவை. மெஷினின் எடையோடு கையை லேசாக வைத்தால் போதும்.

பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஓடும்போது கோடு சுற்றிவருவது தெரிந்தால் பேடு வேலை செய்கிறது. கோடு நின்ற இடத்திலேயே நடுங்கினால் அழுத்தம் கூடிவிட்டது, அல்லது மெஷின் சாய்ந்திருக்கிறது.

துடைத்துவிட்டு, தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தெளித்து எண்ணெய்ப் பசையை எடுங்கள். இல்லாவிட்டால் பசை கீறலை மறைத்து உங்களை ஏமாற்றும். எல்.இ.டி. டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பத்துக்கு ஏழெட்டுக் கீறல் போயிருந்தால் அதுவே உங்கள் வண்டிக்கான பேடு, மருந்துக் கூட்டணி. வண்டி முழுக்க அதையே செய்யுங்கள். போகவில்லை என்றால் மட்டும் மைக்ரோஃபைபர் பேடுக்கு ஏறுங்கள். மிருதுவில் தொடங்கி ஏறலாம். கடுமையில் தொடங்கி இறங்க முடியாது. கறுப்பு வண்டி என்பதால், மங்கல் தெரிந்தால் கடைசியில் ஃபினிஷிங் பேடு ஒரு சுற்று தேவைப்படும்.

கதவின் கோடுகள், விளிம்புகள், பானெட் முனை ஆகிய இடங்களில் பெயிண்ட் மெல்லியது. டேப் ஒட்டுங்கள். பம்பர் பிளாஸ்டிக், சூடு பரவி ஆறாது, வேகத்தைக் குறையுங்கள். வைத்த உள்ளங்கையை எடுக்கும்படி தகரம் சுட்டால் நிறுத்திவிடுங்கள். வயரைத் தோள்மேல் போட்டுக்கொள்ளுங்கள். மோதிரம், பெல்ட் பக்கிள், தொங்கும் லுங்கி மூன்றும் ஆகாது. ஈரத் தரையில் எக்ஸ்டென்ஷன் பெட்டி கிடக்கக் கூடாது.

பானெட்டை என்ன செய்வது?

திரும்ப அடித்த பெயிண்ட் கம்பெனி பெயிண்டைப்போல் இருக்காது. தடித்தும் இருக்கலாம், மெலிந்தும் இருக்கலாம். பெரும்பாலும் மிருதுவாக இருக்கும். அதற்குத் தனியாக ஒரு சோதனைச் சதுரம் போடுங்கள். பேடில் கறுப்பு நிறம் ஏறினால், ஒன்று மேலே கிளியர் கோட் அடிக்கவே இல்லை, அல்லது இருந்தது தேய்ந்துவிட்டது. அங்கே மெஷினை நிறுத்திவிட்டு மெழுகு மட்டும் பூசுங்கள். தடிமன் அளக்கும் கேஜ் வைத்திருக்கும் டீட்டெய்லிங் கடையில் ஒருமுறை பானெட்டை அளந்துகொள்வது நல்லது. கதவுகளைவிட மிகக் குறைவாகக் காட்டினால் தொடாதீர்கள்.

காலமும் முக்கியம். மழை ஓய்ந்து, பொங்கல் முடிந்து, மார்ச் வரை நம் கரைக்கு நல்ல சமயம். அக்கினி நட்சத்திரத்தில் மருந்து பேடிலேயே காய்ந்துபோகும். காலை நேரம், ஷெட்டின் நிழல். பிற்பகல் கடற்காற்று மணலைக் கொண்டுவருவதற்குள் முடித்துவிடுங்கள். ஒரே நாளில் முழு வண்டி வேண்டாம், ஒரு நாளைக்கு இரண்டு கதவு போதும். முடிந்த பகுதிக்கு அன்றே சீலண்டோ மெழுகோ பூசிவிடுங்கள்.

பணம் ஒரேயடியாக இல்லையென்றால் வாங்கும் வரிசை இது: இந்த மாதம் ஷாம்பு, இரண்டு வாளி, நல்ல மைக்ரோஃபைபர் துண்டுகள், கிளே பார். அடுத்து பேடுகளும் இரண்டு பாலிஷும். கடைசியில் மெஷின். முதல் பட்டியலை வாங்கிய அன்றே புதுக் கீறல் விழுவது குறைந்துவிடும். அந்தப் பழக்கம் வராமல் மெஷின் மட்டும் வந்தால், அடுத்த வருடமும் இதே கீறலைச் சீவ வேண்டியிருக்கும். உங்கள் கிளியர் கோட் அத்தனை முறை தாங்காது.