புட்டியின் சீட்டும் புட்டிக்குள் இருப்பதும்: சிங்கிள் மால்ட் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஸ்காட்லாந்தின் சிங்கிள் மால்ட் விஸ்கிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது வயது, நிறம், வட்டாரம், விலை ஆகிய நான்கையே தரத்தின் அளவுகோல்களாகக் கொள்வது பரவலான வழக்கம். ஆனால் இந்நான்கில் எதுவும் சுவையை நேரடியாக அளப்பதில்லை. புட்டியின் சீட்டில் அச்சாகும் சொற்களுள் சிலவற்றின் பொருளைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. மற்றவை விற்பனையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. இரண்டும் ஒரே மிடுக்கான எழுத்தில் அருகருகே நிற்பதால் எது எந்த வகை என்பது வாங்குவோருக்கு எளிதில் விளங்குவதில்லை, அந்தக் குழப்பத்துக்கும் சேர்த்தே அவர்கள் விலை கொடுக்கிறார்கள்.

சிங்கிள் மால்ட் என்றால் ஒரே பீப்பாயிலிருந்து எடுக்கப்பட்டது, எதனோடும் கலவாதது என்பது முதல் நம்பிக்கை. 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிகளின்படி, முளைகட்டி உலர்த்திய பார்லியாகிய மால்ட்டை மட்டுமே தானியமாகக் கொண்டு, ஒரே வடிசாலையில், பானை வடிவ வாலைகளில் வடித்து, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாய்களில் ஸ்காட்லாந்திலேயே குறைந்தது மூன்று ஆண்டு முதிரவைத்து, ஆல்கஹால் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் அடைக்கப்படுவதே சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் ஆகும். ‘சிங்கிள்’ என்னும் அடை இங்கு வடிசாலையைக் குறிக்கிறதேயன்றிப் பீப்பாயைக் குறிப்பதில்லை. கடையில் கிடைக்கும் ஒரு சாதாரணப் புட்டிக்குள் அதே வடிசாலையின் பல பீப்பாய்களிலிருந்து எடுத்த, வெவ்வேறு வயதுள்ள விஸ்கிகள் கலந்தே இருக்கின்றன. இந்த எல்லை எவ்வளவு கூர்மையானது என்பதை 2003இல் எழுந்த கார்டூ விவகாரம் காட்டியது: ஸ்பெயினில் பெருகிய தேவைக்குக் கார்டூ வடிசாலையின் சரக்கு போதாமையால், டியாஜியோ நிறுவனம் வேறு வடிசாலைகளின் மால்ட்டையும் சேர்த்து, ஏறத்தாழ அதே தோற்றமுள்ள புட்டியில், ‘ப்யூர் மால்ட்’ என்ற பெயரில் விற்க முனைந்தது, போட்டி நிறுவனங்களின் கடும் எதிர்ப்புக்குப் பின் அது கைவிடப்பட்டது. ‘ப்யூர் மால்ட்’ என்று அச்சிடுவதையே 2009 விதிகள் தடைசெய்துவிட்டன.

இதன் மறுபக்கமாக, கலவை விஸ்கி என்றாலே தாழ்ந்தது என்ற எண்ணமும் நிலவுகிறது. பிளெண்டட் ஸ்காட்ச் என்பது மால்ட் விஸ்கியுடன், கோதுமை அல்லது மக்காச்சோளத்திலிருந்து தொடர்வாலைகளில் மலிவாக வடிக்கப்படும் கிரெய்ன் விஸ்கியைச் சேர்த்தது. பிளெண்டட் மால்ட் என்பதோ பல வடிசாலைகளின் மால்ட் மட்டுமே சேர்ந்தது. கிளென்ஃபிடிக் 1963இல் தன் மால்ட்டை ஸ்காட்லாந்துக்கு வெளியே முனைந்து விற்கத் தொடங்கும்வரை, பெரும்பாலான வடிசாலைகள் கலவைக்காரர்களுக்குச் சரக்கு கொடுக்கும் இடங்களாகவே இருந்தன, இன்றும் பல அவ்வாறே இயங்குகின்றன. ஆகவே ‘சிங்கிள்’ என்பது மூலத்தைச் சொல்லும் சொல், தரத்துக்கான சான்றிதழ் அன்று.

வயதைப் பற்றிய நம்பிக்கையே எல்லாவற்றிலும் ஆழமாக வேரோடியது. 12ஐவிட 18 மேல், 18ஐவிட 25 மேல் என்ற ஏணி வணிகத்துக்கு மிகவும் வசதியானது. புட்டியில் உள்ள எண் கலவையிலேயே இளையதன் வயதைக் காட்டுவது, அதுவும் பீப்பாயில் கழிந்த ஆண்டுகளை மட்டுமே எண்ணுவது. அடைத்த பின் விஸ்கி முதிர்வதில்லை என்பதால், 12 ஆண்டு விஸ்கியை அலமாரியில் இருபது ஆண்டு வைத்திருந்தாலும் அது 12 ஆண்டு விஸ்கியே. பீப்பாய்க்குள் நடப்பதும் வெறும் காலக்கழிவு அன்று. தீயில் வாட்டப்பட்ட ஓக்கின் லிக்னின் சிதைந்து வெனிலாவின் மணத்தைத் தரும் வெனிலின் கரைகிறது, லாக்டோன்கள் தேங்காய் வாசனையைத் தருகின்றன, டானின்கள் துவர்ப்பைச் சேர்க்கின்றன. இவற்றுள் எது எவ்வளவு கரையும் என்பதை ஆண்டுகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் பீப்பாயின் முன்வரலாறே பெரிதும் தீர்மானிக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியைப் புதிதாகக் கருக்கிய ஓக் கலங்களில்தான் வைக்கவேண்டும் என்பதால், ஒருமுறை பயன்பட்ட சுமார் 200 லிட்டர் பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கு ஏராளமாக வந்து சேர்கின்றன. அவற்றில் முதல் முறையாக நிரப்பப்பட்ட விஸ்கி பத்தே ஆண்டில் பெறும் செறிவை, மூன்றாம் நான்காம் முறை நிரப்பிய களைத்த பீப்பாயில் இருபது ஆண்டு கிடந்த விஸ்கி பெறாமலும் போகலாம். எதிர்ப்புறத்தில், வீரியமான பீப்பாயில் வரம்பு மீறிக் கிடந்தது மரக்கசப்பாகிவிடும்.

அப்படியானால் முதிய விஸ்கியின் விலை ஏன் ஏறுகிறது என்பதற்கு எளிய கணக்கே விடை தருகிறது. கிடங்கிலிருக்கும் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகிறது என்பது பொதுவான மதிப்பீடு. தொழிலில் இதற்குத் ‘தேவதைகளின் பங்கு’ என்று பெயர். 200 லிட்டர் நிரப்பினால் 12 ஆண்டு கழித்து சுமார் 157 லிட்டரும், 25 ஆண்டு கழித்து சுமார் 120 லிட்டரும் எஞ்சும். ஆல்கஹாலின் வீரியமும் இறங்கிக்கொண்டே வருவதால், கவனிக்காமல் விடப்பட்ட பீப்பாய் 40 விழுக்காட்டுக்குக் கீழே சரிந்து ஸ்காட்ச் என்னும் பெயரையே இழக்கும் ஆபத்தும் இருக்கிறது. இழப்பு, கிடங்குச் செலவு, முடங்கிய முதலுக்கான வட்டி ஆகியவற்றோடு அருமையும் சேர்ந்து எழுப்புகிற விலை அது. நாக்குக்கு அதில் பங்கு குறைவு. தட்பவெப்பம் மாறினால் வயதின் கணக்கு மொத்தமும் மாறிவிடும் என்பதற்குப் பெங்களூரின் அம்ருத் வடிசாலை சான்றாகிறது: அங்கே ஆவியாதல் ஆண்டுக்கு 10 விழுக்காட்டைத் தாண்டுவதால், 25 ஆண்டுக் காத்திருப்பு என்பது காலிப் பீப்பாய்க்குக் காவலிருப்பதாகவே முடியும், 2004இல் கிளாஸ்கோவில் அறிமுகமான அதன் மால்ட் சில ஆண்டுகளே முதிர்ந்த நிலையில் பாராட்டுப் பெற்றது.

வயது குறிப்பிடாத புட்டிகள் இளஞ்சரக்கை மறைக்கும் தந்திரம் என்ற ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. முதிய இருப்பு குறைந்தபோது சில நிறுவனங்கள் எண்ணை நீக்கிவிட்டு விலையை மட்டும் தக்கவைத்தன. எனினும் ஆர்ட்பெக் வடிசாலையின் ஊகடால், அபெர்லவர் வடிசாலையின் அபூனா போன்றவை எண் இல்லாமலே மதிப்புப் பெற்றவை. இதில் சட்டத்துக்கும் ஒரு விசித்திரமான பங்கு உண்டு. லண்டனைச் சேர்ந்த காம்பஸ் பாக்ஸ் என்னும் கலவை நிறுவனம் 2015இல் தன் இரு வெளியீடுகளில் சேர்ந்த ஒவ்வொரு விஸ்கியின் வயதையும் விழுக்காட்டையும் வெளிப்படையாக அறிவித்தபோது, இளையதன் வயது தவிர வேறெதையும் சொல்ல விதியில் இடமில்லை என்று தடுக்கப்பட்டது. நுகர்வோரைக் காக்க எழுதிய விதி, அவர்களுக்குக் கூடுதல் உண்மை கிடைப்பதைத் தடுத்தது.

அடர்ந்த நிறம் முதிர்ச்சியைக் காட்டும் என்ற நம்பிக்கையைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். ஷெர்ரி என்னும் ஸ்பானிய ஒயினால் பதப்படுத்திய பீப்பாய் சில ஆண்டுகளிலேயே செம்பழுப்பைக் கொடுத்துவிடும். அதுவும் போதாவிட்டால், ஈ150ஏ எனப்படும் சாதாரண கேரமல் நிறமியைச் சேர்க்க விதி அனுமதிக்கிறது. ஜெர்மனியில் விற்கும் புட்டியில் நிறமி சேர்த்ததைச் சொல்லியாகவேண்டும் என்பதால், ஒரு விஸ்கியின் நிறம் இயல்பானதா என்று அறிய அந்நாட்டுச் சீட்டைத் தேடிப் பார்க்கும் ஆர்வலர்கள் உண்டு.

வட்டாரம் பற்றிய நம்பிக்கை பாதி உண்மை என்பதாலேயே அதிகம் குழப்புகிறது. ஹைலேண்ட், லோலேண்ட், ஸ்பேசைட், ஐலா, கேம்பல்டவுன் ஆகிய ஐந்து பெயர்களை விதிகள் பாதுகாக்கின்றன. ஆனால் பாதுகாக்கப்படுவது விஸ்கி வடித்த இடத்தின் பெயரே, அதன் சுவை அன்று. ஐலா என்றால் புகைமணம் என்பது பொது எண்ணம். அதே தீவின் புன்னஹாவன், புருக்லாடி ஆகிய வடிசாலைகளின் முதன்மை விஸ்கிகளில் புகை கிடையாது, ஹைலேண்டைச் சேர்ந்த ஆர்ட்மோரிலோ புகை உண்டு. புகை மண்ணிலிருந்தோ கடற்காற்றிலிருந்தோ வருவதன்று. சதுப்பு நிலத்தில் நெடுங்காலம் மட்கிய செடிகொடிகளாலான பீட் என்னும் எரிமண்ணைக் கொளுத்தி, அதன் புகையில் ஈர மால்ட்டை உலர்த்தும்போது ஃபீனால் என்னும் சேர்மங்கள் தானியத்தில் படிகின்றன. அவற்றைப் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்று கணக்கிட்டுப் பெருமையோடு விளம்பரப்படுத்துவார்கள்: லகவூலினுக்கு ஏறத்தாழ 35, ஆர்ட்பெக்குக்கு 55, புருக்லாடியின் ஆக்டோமோர் வரிசையில் 300ஐத் தாண்டிய பதிப்பும் வந்ததுண்டு. ஆனால் இந்த எண் பொதுவாக மால்ட்டில் அளக்கப்படுவது. ஊறல், வடிப்பு, முதிர்ச்சி ஆகிய கட்டங்களில் ஃபீனாலின் பெரும்பகுதி கழிந்துவிடுவதால் கோப்பையில் எவ்வளவு எஞ்சும் என்பதை அது சொல்வதில்லை.

இதை நேருக்கு நேர் உணர்த்தக்கூடிய இணை லகவூலினும் கலீலாவும் ஆகும். இரண்டும் ஐலாவில் உள்ளவை, ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமானவை, போர்ட் எலன் மால்ட் ஆலையிலிருந்து ஏறத்தாழ ஒரே ஃபீனால் அளவுள்ள மால்ட்டைப் பெறுபவை. லகவூலினில் வடிப்பை மெதுவாக ஓட்டி, கனமான கூறுகள் வரும்வரை சேகரிக்கிறார்கள். கலீலாவில் பெரிய வாலைகளைக் குறைவாக நிரப்புவதால் ஆவி செம்போடு நெடுநேரம் உரசி, கந்தகச் சேர்மங்களை இழந்து இலேசாகிறது. முதலாவது எண்ணெய்ப்பசையோடு அடர்ந்த புகையாகவும், இரண்டாவது எலுமிச்சையும் சாம்பலும் கலந்த தெளிந்த புகையாகவும் அமைகின்றன. வட்டாரமும் எண்ணும் ஒன்றாக இருந்தும் கோப்பை வேறாகிறது. வாலையின் வடிவம் சுவையில் இவ்வளவு பேசியும், விளம்பரங்கள் மலை ஊற்றையே பாடிக்கொண்டிருப்பது வியப்புக்குரியது. முதிர்ந்த விஸ்கியின் வீரியத்தைக் குறைக்க அடைப்பாலைகளில் சேர்ப்பது பொதுவாகத் தாதுக்கள் நீக்கிய நீர்தான்.

பணத்துக்குப் பெறுமதி என்று வரும்போது சீட்டில் மிகவும் பயனுள்ளது, கீழ் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும் ஆல்கஹால் விழுக்காடு. 700 மில்லிலிட்டர் புட்டியில் 40 விழுக்காடு என்றால் 280 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால், 46 விழுக்காடு என்றால் 322 மில்லிலிட்டர். நீர் சேர்க்காமல் பீப்பாயின் வீரியத்திலேயே 60 விழுக்காட்டில் அடைத்த புட்டியை 40க்கு இறக்கினால் 1,050 மில்லிலிட்டர், அதாவது ஒன்றரைப் புட்டி விஸ்கி ஆகிவிடும். ஆகவே அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விலைக்குக் கிடைத்தால் அதுவே மலிவு. 46 என்ற எண்ணுக்குத் தனிக் காரணமும் உண்டு: அதற்குக் கீழே, குளிரிலோ நீர் சேர்த்தாலோ கொழுப்பு அமில எஸ்டர்கள் பிரிந்து விஸ்கி கலங்கும் என்பதால், அதைக் குளிரவைத்து வடிகட்டி அவற்றை நீக்கிவிடுகிறார்கள். குளிர்வடிகட்டல் சுவையைக் கெடுக்கும் என்று ஆர்வலர்கள் உறுதியாகச் சொல்வது சற்று மிகை. வாயில் உணரும் வழவழப்பு குறையலாம், அவ்வளவே.

நல்ல விஸ்கியில் நீர் சேர்ப்பது குற்றம் என்ற கருத்தைத் தொழில்முறைக் கலவையாளர்களே பொருட்படுத்துவதில்லை. அவர்கள் மாதிரிகளை ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு நீர்த்துத்தான் முகர்ந்து பார்க்கிறார்கள். சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரு வேதியியலாளர்கள் 2017இல் கணினிப் போலச்செயலாக்கத்தின் வழியே, புகைமணம் தரும் குவையகால் என்னும் மூலக்கூறு, வீரியம் குறையும்போது திரவத்தின் மேற்பரப்பை நோக்கிக் கூடுகிறது என்று காட்டினார்கள். பனிக்கட்டியின் கதை வேறு. குளிர் மணத்தை அடக்கிவிடும்.

விலையே சுவையைத் தீர்மானிக்கும் என்பது இறுதியான, பிடிவாதமான நம்பிக்கை. கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும் மறுமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, விலை கூடுதல் என்று கேட்ட வேளையில் மக்கள் அதை அதிகம் விரும்பியது மட்டுமன்றி, மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய பகுதியின் செயலும் கூடியது. 2023 நவம்பரில் லண்டன் ஏலத்தில் 21 இலட்சம் பவுண்டுக்கு மேல் போன மக்காலன் வடிசாலையின் 1926ஆம் ஆண்டுப் புட்டியின் விலையில் சுவை சேர்வதே இல்லை. அது ஓவியச் சந்தையின் தர்க்கம். அத்தகைய சந்தையில் போலியும் மலியும்: ஸ்காட்லாந்தில் 2018இல் அரிய புட்டிகளாகக் கருதப்பட்ட 55ஐக் கதிர்க்கரிம முறையில் சோதித்தபோது 21 போலி, அல்லது குறிப்பிட்ட ஆண்டில் வடிக்கப்படாதவை என்று தெரியவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு சுவிட்சர்லாந்தின் ஒரு விடுதியில் 1878ஆம் ஆண்டினது என்று 9,999 பிராங்குக்கு விற்ற ஒரு சிறு கோப்பை மக்காலன், ஆய்வில் 1970களின் தொடக்கத்தைச் சேர்ந்த, கிரெய்ன் விஸ்கியும் கலந்த பிளெண்டட்டாக இருந்தது.

பெறுமதி தேடுவோர் வடிசாலையின் சொந்த வெளியீடுகளோடு, அவற்றிடமிருந்து பீப்பாய்களை வாங்கித் தம் பெயரில் அடைக்கும் தனி அடைப்பாளர்களையும் பார்ப்பது நல்லது. 1842இல் தொடங்கிய கேடன்ஹெட், எல்ஜின் நகரில் 1895இல் தொடங்கிய கார்டன் அண்ட் மெக்பெயில் ஆகியவை இவற்றுள் பழமையானவை. இவ்வகை அடைப்பாளர்கள் பலர் நிறமியும் குளிர்வடிகட்டலும் இன்றி அடைக்கிறார்கள். சில வடிசாலைகள் பீப்பாயை விற்கும்போது தம் பெயர் வெளியாகாதிருக்க, வேறொரு வடிசாலையின் மால்ட்டை ஒரு கரண்டி அளவு அதில் சேர்த்துவிடுகின்றன. அந்தக் கணமே சட்டத்தின் பார்வையில் அது பிளெண்டட் மால்ட் ஆகி, சிங்கிள் மால்ட் என்னும் பெயரையும் அதற்குரிய விலையையும் இழக்கிறது. பால்வெனி வடிசாலையின் விஸ்கி இப்படித்தான் ‘பர்ன்சைட்’ என்ற பெயரில், சொந்தப் பெயருக்குரிய விலைக்குக் கீழே கிடைக்கிறது.