கரை உடையுமுன்

காவிரி கடலொடு கலக்குமிடத்தில் சிறந்து விளங்கிய பட்டினம் பூம்புகார். ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசியின் தலைவி அந்நகரத்து வணிகர் ஒருவரின் மகள் என்பது தமிழ்நாட்டில் வழங்கும் கதை. பாலி மொழியிலுள்ள பௌத்த நூல்களோ அவளை இராசகிருக நகரத்தவள் என்று கூறும். நாதகுத்தனார் இயற்றிய அக்காப்பியத்தின் சில செய்யுட்களே இன்று கிடைத்துள்ளன. ஆயினும், அவளது வரலாறு இன்றும் அறிந்துகொள்ளத் தக்கது.

அவளது இயற்பெயர் பத்திரை. கொலைத்தண்டனை பெற்றுத் தெருவழியே கொண்டு செல்லப்பட்ட காளன் என்னும் கள்வனைக் கண்டு அவள் காதல் கொண்டாள். தந்தை அரசனுக்குப் பெரும்பொருள் கொடுத்து அவனை மீட்டு, மகளுக்கு மணம் செய்வித்தார். இருவரும் சில காலம் இனிது வாழ்ந்தனர். ஒரு நாள் அவள் விளையாட்டாக, அவனைக் கள்வன் என்று அழைத்தாள். அச்சொல்லைக் காளன் பொறுத்தானில்லை; நெஞ்சில் வஞ்சம் வளர்த்தான். பின்பு அவளை ஏமாற்றி ஒரு மலையுச்சிக்கு அழைத்துச் சென்று, கொல்லப்போவதாகக் கூறினான். இறக்குமுன் கணவனை மும்முறை வலம்வர வேண்டுமென்று அவள் கேட்டாள். அவன் இசைந்தான். வலம்வருங்கால் அவன் பின்புறத்தை அடைந்ததும், அவனைத் தள்ளித் தன்னுயிர் காத்தாள். பின்னர்த் துறவு பூண்டு, சமய வாதத்தில் வல்லவளாகப் புகழ்பெற்றாள்.

காவிரிப் படுகை உழவர் வரப்பில் நண்டு வளையைக் கண்டால், உடனே சேறிட்டு அடைப்பர். சிறு கசிவே நாளடைவில் கரையை உடைக்கும் என்பதை அவர்கள் அறிவர். குடும்பத்தில் நிகழும் கொடுமையும் பெரும்பாலும் அவ்வாறே சிறிது சிறிதாக வளர்வது. விளையாட்டுச் சொல்லையும் பொறாத சினம், உற்றார் உறவினரிடமிருந்து பிரித்துத் தனிமைப்படுத்துதல், எங்குச் சென்றாய், யாரொடு பேசினாய் என ஓயாது வினவுதல், ஈட்டிய பொருளைப் பறித்துக்கொள்ளுதல், பிறர் முன்னிலையில் இழிவுபடுத்துதல், அச்சுறுத்தல், அடித்தபின் அழுது மன்னிப்புக் கேட்டு மீண்டும் அடித்தல் ஆகியவை அதன் குறிகள். இவற்றை அன்பின் மிகுதி என்று கருதுவது பெரும் பிழை. அன்புள்ள இடத்தில் அச்சத்திற்கு இடமில்லை.

இக்குறிகளை முன்னரே உணராமை, துன்புறுவோரின் குற்றமாகாது. குற்றம் முழுவதும் தீங்கு செய்தவரையே சாரும். மலையுச்சியில் பத்திரைக்குத் துணை எவருமில்லை. இன்று அந்நிலை இல்லை. 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. உடலைத் துன்புறுத்துவது மட்டுமன்றி, சொல்லாலும் மனத்தாலும் வருத்துவதும், பொருளை மறுப்பதும், பாலியல் கொடுமையும் வன்முறையே என்று அது வரையறுக்கிறது. கணவன் வீட்டிலேயே தொடர்ந்து வாழும் உரிமையையும் அது பெண்ணுக்கு அளிக்கிறது. முறையீட்டைப் பெற்று உதவுவதற்கு மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் உளர். 181 என்னும் தொலைபேசி எண்ணில் மகளிரும், 1098 என்னும் எண்ணில் சிறுவர் சிறுமியரும் உதவி கோரலாம்.

தோழியோ உடன்பிறந்தவளோ தன் துயரைச் சொல்லும்போது, 'பொறுத்துக்கொள்' என்று கூறி அனுப்புதல் தகாது. அவள் சொல்வதை நம்பிக் கேட்டு, உதவி கிடைக்கும் இடத்திற்கு உடன் செல்வதே உண்மையான துணையாகும். கசிவைக் கண்டவர் யாவரும் கரையைக் காக்கக் கடமைப்பட்டவரே.