வெடிமருந்து வியாபாரமும் பஞ்சாயத்தின் பொறுப்பும்

கோயம்புத்தூர், சேலம், தருமபுரி முதலிய மாவட்டங்களில் கிணறு வெட்டுவோர் சில அடி மண்ணைக் கடந்ததும் பாறையைச் சந்திக்கின்றனர். கடப்பாரைக்கு அசையாத அப்பாறையை உடைத்துத் தண்ணீர் காண வெடிமருந்தின் துணை வேண்டியிருக்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகிவிட்ட இந்நாளிலும் பழைய கிணற்றை ஆழப்படுத்துவதற்கும், சாலைக்குக் கல் உடைப்பதற்கும் அதுவே பயன்படுகிறது. ஆகையால் வெடிமருந்தை நாட்டுப்புறத்து வாழ்க்கைக்குச் சம்பந்தமில்லாத பொருள் என்று கருதலாகாது. அதை விற்பவருக்குச் சர்க்கார் விதித்துள்ள நிபந்தனைகள் எவை, அவற்றில் பஞ்சாயத்துக்கு என்ன பங்கு என்பதை உறுப்பினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

வெடிமருந்து பற்றிய மூலச் சட்டம் 1884 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. அதன் கீழ் இப்பொழுது வழக்கில் இருப்பவை 2008 ஆம் ஆண்டின் விதிகள். இவற்றைச் செயற்படுத்தும் மத்திய சர்க்கார் இலாகாவுக்கு நாகபுரியில் தலைமை அலுவலகம் உண்டு. பட்டாசுத் தொழிலை முன்னிட்டுச் சிவகாசியிலும் ஓர் அலுவலகம் இருக்கிறது. துப்பாக்கிகளுக்கு வேறு சட்டம். 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் அவற்றை ஆள்கின்றன. சட்டங்கள் இரண்டாயினும் இரண்டிலும் கருத்து ஒன்றுதான்: பொருள் யாரிடமிருந்து வந்தது, யாரிடம் போயிற்று, எவ்வளவு மீந்தது என்பதற்கு எந்த நாளிலும் கணக்கு இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு எப்படி வைக்கப்படுகிறது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். லைசென்ஸ் பெற்ற வியாபாரி தம் மனம் போனபடி யாருக்கும் வெடிமருந்து விற்க முடியாது. வாங்க வருபவரிடமும் லைசென்ஸ் இருக்க வேண்டும். வாங்குபவர் தமக்குத் தேவையான வகையையும் அளவையும் குறித்து, குறிப்பிட்ட நமூனாவில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். வியாபாரி சரக்குடன் அதற்குரிய சீட்டையும் தர வேண்டும். வரவும் விற்பனையும் இருப்பும் அன்றன்றே பதிவேட்டில் ஏற வேண்டும். அதிகாரி எப்பொழுது வந்து கேட்டாலும் ஏட்டில் உள்ள எண்ணும் கிடங்கில் உள்ள எண்ணும் ஒத்திருக்க வேண்டும். சரக்குக் காணாமற் போனாலும் களவு போனாலும் தாமதமின்றிப் போலீஸ் நிலையத்துக்கும், லைசென்ஸ் கொடுத்த அதிகாரிக்கும் அறிவிக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவரை இந்த வியாபாரத்திலோ சரக்கைக் கையாளும் வேலையிலோ ஈடுபடுத்தலாகாது.

வியாபாரியின் கடை வரையில் கணக்கு பெரும்பாலும் ஒழுங்காகவே நடைபெறுகிறது. அது தவறுவது கிணற்று மேட்டில்தான். பத்து டெட்டனேட்டர் வந்த இடத்தில் எட்டு வெடித்து இரண்டு மீந்தால், அந்த இரண்டும் எங்கே போகின்றன? கணக்குப்படி அவை கிடங்குக்குத் திரும்ப வேண்டும். ஆனால் 'நாளைக்கு ஆகும்' என்று மோட்டார் அறையின் மாடத்தில் வைப்பவர் உண்டு. கூரை எரவாணத்தில் செருகுபவரும் உண்டு. டெட்டனேட்டர் விரல் நீளமே உள்ள சிறு உலோகக் குழல். பளபளப்பாக இருக்கும். சிலவற்றில் வண்ணக் கம்பியும் தொங்கும். சிறுவர் கையில் அகப்பட்டால் அதை விளையாட்டுப் பொருள் என்றே எண்ணுவர். கல்லால் தட்டினாலும் நெருப்பருகே கொண்டு போனாலும் விரல்களும் கண்களும் போய்விடும். இது யாருடைய அலட்சியம் என்று பின்னர் விசாரித்துப் பயனில்லை. கிணறு வெட்டக் கூலி பேசும்பொழுதே, வெடி வைப்பவரிடம் அதற்குரிய தகுதிச் சான்று உள்ளதா, சரக்கு எந்த லைசென்ஸின் கீழ் வருகிறது, மீந்தது அன்று மாலையே எவ்விடம் திரும்புகிறது என்ற மூன்றையும் நில உரிமையாளர் கேட்டறிவது உசிதம். கேட்டால் கோபித்துக் கொள்பவரிடம் வேலையை ஒப்படைக்காமல் இருப்பதே மேல்.

சரக்கை ஊருக்குக் கொண்டு வருவதிலும் இத்தகைய கவனம் தேவை. சாக்கில் சுருட்டிப் பயணிகள் பஸ்ஸில் ஏற்றி வருவது குற்றம். உடன் வரும் அத்தனை பேருக்கும் ஆபத்து. வெடிமருந்துக் குச்சிகளையும் டெட்டனேட்டர்களையும் ஒன்றாக வைத்தலும் கூடாது. கிடங்கிலேயே இரண்டுக்கும் தனித்தனி அறைகள் அமைத்திருப்பதன் காரணம், முன்னதைத் தூண்டி வெடிக்கச் செய்வதற்கென்றே பின்னது செய்யப்பட்டிருப்பதுதான். முன்னாளில் வழங்கிய நைட்ரோகிளிசரின் கலந்த வெடிமருந்து 2004 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நிறுத்தப்பட்டு, அதனினும் பாதுகாப்பான கூழ் வகைகள் வந்துள்ளன. ஆயினும் 'இது புது வகை, ஒன்றும் செய்யாது' என்று யாரேனும் சொன்னால் நம்பற்க.

இனி, பஞ்சாயத்து நேரடியாகத் தலையிடும் இடத்துக்கு வருவோம். ஒருவர் வெடிமருந்துக் கிடங்கு வைக்க விரும்பினால் மாவட்ட ஆட்சியரிடமிருந்து ஆட்சேபணையின்மைச் சான்று பெற வேண்டும். அதற்கு முன் பொது அறிவிப்பு வெளியாகும். ஆட்சேபணை உள்ளவர்கள் குறித்த கெடுவுக்குள் தெரிவிக்கலாம். அறிவிப்பு வந்தபொழுது படிக்காமல் விட்டுவிட்டு, கிடங்கு எழும்பிய பிறகு கூட்டம் கூடி முழக்கமிடுவது பல ஊர்களில் காணும் வழக்கம். ஆட்சேபணை செய்வதாயின் காரணத்தோடு செய்தல் வேண்டும். அருகில் எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் குடியிருப்பு, எந்தப் பாதை, எத்தனை மீட்டர் தூரத்தில் என்று அளந்து எழுதிய மனுவுக்குத்தான் விசாரணையில் மதிப்புண்டு. வியாபாரி வேற்றூரார் என்பதோ, தேர்தலில் எதிர்த்தவர் என்பதோ காரணமாகாது. முறையாக நடக்கும் கிடங்கு ஒன்று அருகில் இருப்பின், மீந்த சரக்கை வீட்டில் வைக்கும் பழக்கம் குறையவும் கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிடங்குக்கு இடிதாங்கியும் சுற்று வேலியும் காவலும் இருத்தல் வேண்டும். இவற்றுக்கு மேல், அதில் வைக்கும் சரக்கின் அளவைப் பொறுத்துச் சுற்றிலும் பாதுகாப்பு இடைவெளி விதிக்கப்படுகிறது. அந்த இடைவெளி லைசென்ஸுடன் இணைத்த வரைபடத்திலேயே காட்டப்பட்டிருக்கும். கிடங்கு கட்டிய நாளில் வெறும் புன்செய்யாகக் கிடந்த நிலம், சில ஆண்டுகள் கழித்து மனைகளாகப் பிரிக்கப்படுவதை நாம் காண்கிறோம். காலியாகக் கிடக்கிறதே, வீடு கட்டினால் என்ன என்று தோன்றும். அந்நிலத்தில் எழும் முதல் வீடே பாதுகாப்புக் கணக்கைக் குலைத்துவிடுகிறது. வீட்டு வரைபடமோ மனைப் பிரிவோ பஞ்சாயத்தின் முன் வரும்பொழுது, அக்கம் பக்கத்தில் கிடங்கு உண்டா என்று பார்த்து, இருப்பின் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைக் கேட்டறிந்த பின்னரே மேலே செல்ல வேண்டும். கிடங்கின் வரைபட நகல் ஒன்று பஞ்சாயத்து அலுவலகத்தில் இருந்தால் இவ்வேலை எளிது.

இருப்பு மிகுந்து கவனிப்பாரற்றுக் கிடந்தால் நேர்வது என்ன என்பதற்கு லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகம் சான்று. அங்கே பல ஆண்டுகளாகச் சேமிப்பறையில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் 4-8-2020 அன்று வெடித்து, இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அச்செய்தி வந்த பிறகு, சென்னையை அடுத்த மணலியில் 2015 முதல் சுங்கத்தாரின் பொறுப்பில் இருந்த ஏறக்குறைய 700 டன் அதே பொருள் அவசரமாக ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. உரத்தின் பெயரோடு ஒத்திருப்பதால் விவசாயிகள் இங்கே குழப்பமடைவதுண்டு. எடையில் நூற்றுக்கு 45 பங்குக்கு மேல் அம்மோனியம் நைட்ரேட் உள்ள கலவை 2011 ஆம் ஆண்டு முதல் வெடிபொருளாகவே கருதப்படுகிறது. அதற்கென 2012 ஆம் ஆண்டில் தனி விதிகள் வந்தன. அம்மோனியம் நைட்ரேட்டைப் பிரித்தெடுக்க இயலாத உரங்களுக்கு அவ்விதிகள் பொருந்தா. யூரியா வாங்குபவர் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

துப்பாக்கி விஷயத்தில் சுருக்கமாகச் சிலவே சொல்லலாம். பயிர்ப் பாதுகாப்புக்கென்று, வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் பெற ஆயுதச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் துப்பாக்கி வைத்துக் கொள்ள அனுமதி வேறு, வனவிலங்கைச் சுட அனுமதி வேறு; பின்னது வனத்துறையைச் சேர்ந்தது. கடைக்காரர் லைசென்ஸைப் பார்த்து, அதில் கண்ட அளவுக்குள்தான் தோட்டா தருவார். 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. லைசென்ஸின் காலமும் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீண்டுள்ளது.

கிராமங்களில் அடிக்கடி நேரும் தவறு ஒன்றுண்டு. தந்தை காலமானபின் அவருடைய துப்பாக்கி சுவரிலேயே மாட்டியிருக்கும். லைசென்ஸ் அவருடைய பெயரில் இருந்ததேயன்றிக் குடும்பத்தின் பெயரில் இல்லை. ஆதலால் அன்று முதல் அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம். வாரிசுகள் அதைக் காலதாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். அதன்பின் தம் பெயரில் லைசென்ஸ் கோரி மனுச் செய்து கொள்ளலாம். துக்க வீட்டில் இது நினைவுக்கு வராது. பக்குவமாக எடுத்துச் சொல்ல ஊர்ப் பெரியவர்களால்தான் முடியும்.

காட்டுப் பன்றியை விரட்டவென்று அவுட்டுக்காய் வைப்பது மலையடிவார ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. இதற்கு எந்த லைசென்ஸும் கிடையாது. 1908 ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படியும் வனவிலங்குச் சட்டப்படியும் இது கடுங்குற்றம். 2020 மே மாதத்தில் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்ற யானை ஒன்று வெடிபொருள் வைத்த காயைக் கடித்து, வாய் சிதைந்து, ஆற்று நீரில் நின்றபடியே உயிர் விட்டது. மேய்ச்சலுக்குப் போகும் மாடும் ஆடும் இவ்வாறே சிக்குவதுண்டு. இத்தகைய காய்க்கு மருந்து விற்பவர் யார் என்று ஊரில் தெரிந்திருந்தும் சொல்லாமல் இருப்பது உண்மை. பயிர் நஷ்டம் கொடுமையானதே. அதற்கு வனத்துறையிடம் நிவாரணம் கோர வழியுண்டு.

தீபாவளிக்கு முன் ஊரில் தோன்றும் தற்காலிகப் பட்டாசுக் கடைகளுக்கும் தனி விதி உண்டு. கொட்டகை எளிதில் தீப்பிடிக்காத பொருளால் ஆனதாக இருத்தல் வேண்டும். கடைக்கும் கடைக்கும் குறைந்தது 3 மீட்டரும், வீடு, பள்ளி போன்ற கட்டடங்களிலிருந்து 50 மீட்டரும் இடைவெளி வேண்டும். கடைகள் ஒன்றையொன்று எதிர்நோக்கி அமையலாகாது. எண்ணெய் விளக்கும் திறந்த சுடரும் உள்ளே கூடா. மின் விளக்கைச் சுவரிலோ கூரையிலோ பதிக்க வேண்டுமேயன்றிக் கம்பியில் தொங்கவிடலாகாது. சந்தைத் திடலில் இடம் ஒதுக்கும் பஞ்சாயத்து, கடைக்காரரின் லைசென்ஸைக் கேட்டுப் பார்த்து, அளவு நாடாவைக் கையில் வைத்துக் கொண்டே இடத்தைக் குறித்துக் கொடுக்கலாம். ஐப்பசியில் மழை வருமென்று கடைகளை நெருக்கிப் போட்டுத் தார்ப்பாய் கட்டக் கேட்பார்கள். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.