பாடத்திற்குப் புறம்பானவையா?

வகுப்பறை, நூலகம், ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றிலும் நடைபெறாத மாணவர் பணிகள் அனைத்தையும் ‘பாடத்திற்குப் புறம்பானவை’ என்று கூறிவிடுகிறோம். விளையாட்டு, நாடகம், சொற்போர், தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், நம் தமிழ் மன்றம் எல்லாம் அப்பெயரில் அடங்கிவிடுகின்றன. ‘புறம்பு’ என்ற சொல்லே இவை வேண்டாதவை, பொழுது மிஞ்சினால் செய்யத்தக்கவை என்னும் எண்ணத்தை உண்டாக்கிவிடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு வந்து பயிலும் நமக்கு இவ்வெண்ணம் இழப்பையே தரும் என்பது என் கருத்து.

இப்பணிகளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். தேசிய மாணவர் படை 1948இல் சட்டத்தின் வழியாக அமைக்கப்பட்டது. மறு ஆண்டே பெண்களுக்கும் அதில் பிரிவு ஏற்பட்டது. 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின், 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு அப்பயிற்சி கட்டாயமாயிற்று. ஆனால் 1968இல் கட்டாயம் நீக்கப்பட்டு, விருப்பமுடையோர் சேரலாம் என்றாயிற்று. அடுத்த ஆண்டு, காந்தியடிகளின் நூற்றாண்டில், செப்டம்பர் 24ஆம் நாள் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிற்று. அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்கள் அதில் சேர்ந்தனர். தொடங்கிவைத்த கல்வியமைச்சர் வி. கே. ஆர். வி. ராவ் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். தில்லிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ, பாடத்திற்கும் பாடப்புறப் பணிக்கும் இடையே கடுமையான பிரிவினை கூடாது என்றே கூறுகிறது.

“இவற்றுக்கு நேரம் எங்கே?” என்று கேட்கும் நண்பர்கள் உளர். கணக்குப் பார்ப்போம். நலப்பணித் திட்டத் தொண்டர் ஓராண்டில் ஆற்ற வேண்டிய பணி 120 மணி நேரம். இரண்டாண்டுகளில் 240 மணி. விடுமுறை, தேர்வு நாட்களை நீக்கி ஆண்டுக்கு 30 வாரம் என்று கொண்டாலும், வாரத்திற்கு 4 மணி நேரமே ஆகிறது. வாரத்தில் உள்ள மணிகளோ 168. இத்திட்டத்தின் சின்னம் கோனார்க்கக் கோயில் தேர்ச்சக்கரம். அதன் எட்டு ஆரங்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிப்பன. நாளை எட்டுச் சாமமாகப் பகுத்த நமக்கு இக்கணக்குப் புதியதன்று. ஒரு வாரத்தின் 56 சாமங்களில் ஒன்றரைச் சாமங்கூடக் கேட்காத பணிக்கு ‘நேரமில்லை’ என்பது பொருந்துமா?

இனி, இப்பணிகள் நமக்குத் தருவது யாது? பாடநூல் தனியே கற்பது. தேர்வும் தனியே எழுதுவது. பிறரோடு சேர்ந்து ஒரு செயலை முடிக்கும் பயிற்சியை அவை தருவதில்லை. ஒரு பொங்கல் விழா நடத்திப் பாருங்கள். அரங்கிற்கு அனுமதி பெற வேண்டும். ஒலிபெருக்கிக்காரரிடம் விலை பேச வேண்டும். வராத பேச்சாளருக்கு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். இறுதியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது காட்ட வேண்டும். மன்றச் செயலாளராக ஓராண்டு இருந்தவர் நாலு பேர் முன்னிலையில் கணக்கு ஒப்புவிக்கக் கற்றுவிடுகிறார். வாழ்நாள் முழுதும் உதவும் கல்வி இது.

ஆயினும், நம்மவர் பலரிடம் நான் காணும் குறை ஒன்றுண்டு. விடுதியில் தமிழரோடு தங்கி, தமிழரோடு உண்டு, மாலையில் தமிழ் மன்றத்திற்கு மட்டுமே சென்று மூன்றாண்டுகளைக் கழித்துவிடுகின்றனர். வீட்டு நினைவு வாட்டும்போது தாய்மொழி தரும் ஆறுதலை நான் குறைத்துச் சொல்லவில்லை. மன்றம் நமக்குத் தாய்வீடு. ஆனால் தாய்வீட்டை விட்டு வெளிவராதவர்க்கு ஊர் எப்படித் தெரியும்? இந்தி வராது என்று கூசி ஒதுங்குகிறவர், நலப்பணி முகாமில் ஏழு நாள் மண்வெட்டி பிடிக்கட்டும். ‘பானி’யும் ‘தோடா’வும் தாமே நாவில் வரும். இலக்கணப் பிழைக்காக உடன் உழைக்கும் பஞ்சாபியோ வங்காளியோ நம்மை எள்ளி நகையாடமாட்டார். அவர்களுக்குத் தமிழரைப் பற்றித் தெரிவிக்கவும் அதைவிடச் சிறந்த இடம் வாய்க்காது.

ஆகவே, புதிதாக வந்துள்ள தம்பி தங்கையர்க்கு நான் கூறுவது இதுவே. பத்துச் சங்கங்களில் பெயர் கொடுத்து ஒன்றிலும் நிலைக்காமல் போகாதீர்கள். இரண்டே போதும். ஒன்று நம் மன்றமாக இருக்கட்டும். மற்றொன்று, நீங்கள் ஒருவரே தமிழராக இருக்கக்கூடிய குழுவாக இருக்கட்டும். சேர்ந்த இடத்தில் சிறியதாயினும் ஒரு பொறுப்பை ஏற்று, ஆண்டு முடியும்வரை அதை விடாது செய்யுங்கள். தேர்வு நெருங்கும் வாரங்களில் பணியைக் குறைத்துக்கொள்வதில் தவறில்லை. முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் போதும்.

கட்டாயம் 1968இலேயே போயிற்று. சேர்வதும் சேராமலிருப்பதும் இன்று நம் விருப்பம். நமக்குக் கிடைத்த அவ்வுரிமையை ஒதுங்கியிருப்பதற்கே செலவிடுவோமானால், இத்தனை தொலைவு வந்து பயின்றதன் பயனில் பாதியை இழந்தவர்களாவோம்.