ஒரே வீட்டில் ஒரு பிள்ளையார், ஒரு முருகன்

இந்த மாதப் பாடம் இளம் பெற்றோருக்கானது. ஆனால் இன்னும் திருமணம் ஆகாத இளைஞர்களும், சமய வகுப்பில் பாடம் எடுக்கும் தம்பி தங்கைகளும் சேர்ந்தே படிக்கலாம். அக்கா பிள்ளை, அண்ணன் பிள்ளை, வகுப்புப் பிள்ளை என்று நம் எல்லாருடைய கையிலும் சில குழந்தைகள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

மாம்பழக் கதை நமக்குத் தெரியும். உலகைச் சுற்றி வருபவருக்கே பழம் என்றதும் முருகன் மயில் ஏறிப் பறந்தார். விநாயகர் நின்று யோசித்தார், அம்மையப்பரை வலம் வந்தார், பழத்தை வாங்கிக்கொண்டார். வகுப்பில் இதைச் சொல்லி முடித்தவுடன், "இதுலேருந்து என்ன தெரியுது? பெத்தவங்கதான் உலகம்" என்று பாடத்தை முடித்துவிடுவோம். அது சரியான பாடம்தான். ஆனால் இரண்டு குழந்தைகளுக்குத் தந்தையான பிறகு எனக்கு அந்தக் கதையில் வேறு ஒன்று கண்ணில் படுகிறது. ஒரே தாய் தகப்பன், ஒரே வீடு, ஒரே கேள்வி. ஒரு பிள்ளை கேட்டவுடன் கிளம்புகிறது. இன்னொரு பிள்ளை நின்று யோசிக்கிறது. கோபித்துக்கொண்டு மலைக்குப் போன பிள்ளையிடம், "உன் அண்ணனைப் பார்த்துக் கத்துக்கோ" என்று அம்மையப்பர் சொல்லவில்லை. தேடிப் போய், "பழம் நீ" என்று சொன்னார்கள். பழனிக்கு அப்படித்தான் பெயர் வந்தது என்று கேட்டு வளர்ந்தோம். பழம் கிடைக்காத பிள்ளைக்கும் ஒரு மலை, ஒரு கோயில், கோடிக்கணக்கான அடியார்கள்.

பிள்ளையின் இயல்பைப் பார்ப்பதும், பார்த்து மகிழ்வதும் பெற்றோரின் முதல் கடமை. திருத்துவது, பழக்குவது எல்லாம் அதற்குப் பிறகுதான். இதுவே இம்மாதப் பாடம்.

பார்ப்பதையே வழிபாடாக்கியவர்கள்

குழந்தையைப் பார்த்து ரசிப்பது நம் மரபுக்குப் புதிதல்ல. அதற்கென்றே பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகை இருக்கிறது. பெரியாழ்வார் தம்மை யசோதையாக்கிக்கொண்டு கண்ணனின் குழந்தைப் பருவத்தைப் பாடினார். குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மையையும் வைத்தீசுவரன் கோயில் முத்துக்குமார சுவாமியையும் குழந்தையாக்கிப் பாடினார்.

பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் ஆண், பெண் இருபாலுக்கும் பொது. பிறகு ஆண் பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் பிள்ளைக்கு அம்மானை, ஊசல் போன்றவை. பாட்டியல் நூல்களில் உள்ள ஒரு கணக்கின்படி 3ஆம் மாதம் தொடங்கி 21ஆம் மாதம் வரை, ஒற்றைப்பட்ட மாதங்களில் இந்தப் பருவங்கள் வரும். 5ஆம் மாதம் கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை. 9ஆம் மாதம் கை தட்டும் சப்பாணி. 13ஆம் மாதம், தளர்நடை நடந்து வா என்று கூப்பிடும் வருகை. கிளினிக்கில் தாதியர் நம் பிள்ளையின் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, "தலை நிக்குதா? கை தட்டுறானா? நடக்கிறானா?" என்று கேட்கிறார்களே, கிட்டத்தட்ட அதே வரிசை! தராசும் அட்டவணையும் இல்லாத காலத்தில், கண்ணால் பார்த்துப் பார்த்தே நம் முன்னோர் இதை எழுதி வைத்தார்கள்.

திருக்குறளின் 7ஆம் அதிகாரமான மக்கட்பேறும் இப்படித்தான் தொடங்குகிறது. பிள்ளையை அவையில் முந்தியிருக்கச் செய்வது தந்தையின் கடமை என்று வள்ளுவர் சொல்வது 67ஆம் குறளில். அதற்கு முன்பே, பிள்ளையின் சிறு கை அளாவிய கூழ், உடம்பைத் தொடும் சுகம், மழலைச் சொல் என்று வரிசையாக ரசித்துவிடுகிறார். முதலில் மகிழ்ச்சி, பிறகுதான் கடமை. நாமோ பாலர் பள்ளியில் சேர்த்த நாளிலேயே 67ஆம் குறளுக்குத் தாவிவிடுகிறோம்.

என் வீட்டு இருவர்

என் மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. இருவரும் ஒரே வீட்டுச் சோறு சாப்பிட்டு, ஒரே தாலாட்டில் தூங்கியவர்கள்தான். கோயிலுக்குப் போனால் மகன் முதலில் ஓடுவது மணி கட்டியிருக்கும் இடத்துக்கு. மேளக்காரர் பக்கத்தில் நின்று தலையாட்டுவான். யார் கூப்பிட்டாலும் மடியில் உட்கார்ந்துகொள்வான். மகள் வாசலில் நின்று எல்லார் செருப்பையும் ஜோடி ஜோடியாக அடுக்கிவிட்டுத்தான் உள்ளே வருவாள். பிறந்தநாள் விருந்துக்குப் போனால் என் காலைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரமாவது பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு தானாகவே போய்ச் சேர்ந்துகொள்வாள். கடைசியில் வீட்டுக்குக் கிளம்ப மாட்டேன் என்பவளும் அவள்தான்.

ஒருநாள் அர்ச்சனை முடிந்து வரும்போது கேட்டாள்: "ப்பா, இவ்ளோ பேரு நட்சத்திரம் சொல்றாங்களே, சாமிக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?" அவள் வாயே திறக்காமல் நின்ற நேரத்தில் உள்ளே இவ்வளவு ஓடியிருக்கிறது. தம்பி அதற்குள் மூன்று பேருக்குத் தன் சுண்டலைப் பங்கு வைத்துக் கொடுத்திருந்தான். யார் உயர்த்தி?

சென்ற ஆண்டு திருவிழாவில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் இருவரையும் பார்த்துவிட்டு, "தம்பி எவ்ளோ சுட்டி! அக்கா ஏன் இப்படி ஊமை மாதிரி நிக்கிறா?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. நம்மிடையே சாதாரணமாகப் பேசும் பேச்சுதான். அன்று இரவு படுக்கையில் மகள் கேட்டாள்: "அப்பா, நான் ஊமையா?"

"இல்லம்மா. நீ முதல்ல பார்ப்ப, அப்புறம் பேசுவ. பிள்ளையார் மாதிரி" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "தம்பி முருகனா?" என்றாள். "ஆமா." "அப்ப சரி" என்று தூங்கிவிட்டாள்.

இயல்பு என்பது கூடவே வருவது

1956இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மனநல மருத்துவத் தம்பதியர் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவம் முதல் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். சுறுசுறுப்பு, பசி தூக்கத்தின் ஒழுங்கு, புதிய ஆளிடம் நெருங்குவதா விலகுவதா, மாற்றத்துக்குப் பழகும் வேகம், விடாமுயற்சி என்று ஒன்பது இயல்புகளைக் கணக்கிட்டார்கள். சுமார் 40 விழுக்காட்டினர் எளிதில் பழகுபவர்கள். சுமார் 10 விழுக்காட்டினர் சமாளிக்கச் சிரமமானவர்கள். சுமார் 15 விழுக்காட்டினர் மெதுவாகப் பழகுபவர்கள். மற்றவர்கள் எந்த ஒரு வகையிலும் முழுதாக அடங்காதவர்கள்.

அவர்கள் கண்ட முக்கியமான உண்மை, இதில் நல்ல இயல்பு, கெட்ட இயல்பு என்று இல்லை என்பதே. பிள்ளையின் இயல்பும் வீட்டின் எதிர்பார்ப்பும் பொருந்தினால் பிள்ளை நன்றாக வளர்கிறது. பொருந்தாவிட்டால் அங்கேதான் சிக்கல். இயல்பைக் கழற்றி மாற்ற முடியாது. எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்ள முடியும். அது நம் கையில் இருக்கிறது.

கீதையின் 3ஆம் அத்தியாயத்தில் கண்ணனும் இதைத் தொடுகிறார். அறிவுடையவனும் தன் இயல்பின்படியே நடக்கிறான், வெறும் அடக்குமுறையால் பயனில்லை என்கிறது 33ஆம் சுலோகம். ஆனால் அடுத்த சுலோகத்திலேயே, விருப்பு வெறுப்புக்கு அடிமையாகிவிடாதே என்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். "அவன் குணமே அப்படித்தான்" என்று என் மகன் அடுத்த பிள்ளையின் பொம்மையைப் பிடுங்குவதை நான் விட்டுவிட முடியாது. மகள் கூச்சப்படுகிறாள் என்று பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லாமல் இருக்கவும் விட முடியாது. விதி இருவருக்கும் ஒன்று, வழிதான் வேறு. மகனுக்கு முதலில் ஓடியாட விட்டு, பிறகு உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். மகளுக்குப் போகும் வழியிலேயே, "அங்கே தாத்தா இருப்பாரு, கைகூப்பினா போதும்" என்று முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

ஒப்பிடும் பழக்கம்

நம் நாட்டில் யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. ஆனால் நம் வீடுகளில் ஒப்பிடும் தேர்வு மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. "பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசிக்குது, நீ இன்னும் எழுத்துக் கூட்டுற." "அக்கா ஒழுங்கா சாப்பிடுறா பாரு." இப்படிச் சொல்லும்போது ஒரு பிள்ளை குட்டுப்படுகிறது. புகழப்பட்ட பிள்ளையோ, அந்த இடத்தை இழந்துவிடுவோமோ என்று பயப்படத் தொடங்குகிறது.

பட்டப்பெயரும் அப்படித்தான். வாலு, அழுமூஞ்சி, ஊமை, சோம்பேறி. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை எதிர்த்துப் பேசத் தெரியாது. நம்பிவிடும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. எல்லாவற்றையும் இயல்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாலோ, ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் வராவிட்டாலோ, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டாலோ, வந்த பேச்சு நின்றுபோனாலோ, உடனே கிளினிக்கில் காட்டுங்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று காத்திருக்க வேண்டாம். நன்றாகக் கவனிக்கும் பெற்றோருக்குத்தான் இதுவும் சீக்கிரம் தெரியும்.

செய்து பார்ப்போம்

1. ஒரு வாரம், தினமும் பத்து நிமிடம் கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பிள்ளை விளையாடுவதைப் பாருங்கள். சொல்லிக்கொடுக்க வேண்டாம், திருத்த வேண்டாம். அன்று புதிதாகக் கண்ட ஒன்றை ஒரு வரி எழுதி வையுங்கள்.

2. பாராட்டும்போது கண்டதைச் சொல்லுங்கள். "கெட்டிக்காரி" என்பதைவிட, "கீழே விழுந்த விளக்குத் திரியை நீயே எடுத்து வச்சே, பார்த்தேன்" என்பது பிள்ளையின் மனத்தில் நிற்கும்.

3. பிள்ளைக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் ஏதாவது இருந்தால், அதற்குப் பதில் ஒரு நல்ல சொல் தேடுங்கள். உறவினர் சொன்னால், பிள்ளையின் காதுபடவே மரியாதையாக மறுத்துச் சொல்லுங்கள்.

4. வீட்டு வழிபாட்டில் இயல்புக்கேற்ற வேலை கொடுங்கள். துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைக்கு மணி அடிக்கும் வேலை, நிதானமான பிள்ளைக்குப் பூ அடுக்கும் வேலை. சில மாதம் கழித்து மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். இரண்டும் பழகட்டும்.

கலந்துரையாட

சிறு வயதில் உங்களை எந்தப் பட்டப்பெயரில் அழைத்தார்கள்? அது இன்றும் உங்களோடு இருக்கிறதா? உங்கள் சமய வகுப்பில் கை தூக்காத பிள்ளை யார்? அந்தப் பிள்ளையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த மூன்று செய்திகளைச் சொல்ல முடியுமா? முடியாவிட்டால் அடுத்த ஞாயிறு வகுப்பில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள்.