இரு கருவிகளும் ஒரு முகமும்

நுழையும்முன்

ஒளிப்படம் எடுப்பது இன்று எல்லார்க்கும் எளிதாகிவிட்டது. எந்தக் காட்சிக்கு எந்தக் கருவி ஏற்றது என்பதை அறிந்து எடுப்பவரோ சிலரே. பழைய டி.எஸ்.எல்.ஆர். கருவி ஒன்றையும் சட்டைப்பையில் அடங்கும் சிறு கருவி ஒன்றையும் அருகருகே வைத்து ஆராய்கிறது இப்பாடம். ஒரு பொருளை மதிப்பிடும்போது எவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதையும் இதன்வழி அறியலாம்.

கூத்துக் களத்தை நோக்கி

சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் பள்ளித் தமிழ்மன்ற மாணவர்கள் தெருக்கூத்தை ஆவணப்படுத்த விரும்பினர். செய்யாற்றுக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில், திரௌபதி அம்மன் கோவில் பாரத விழாவில் கர்ண மோட்சம் கூத்து நிகழவிருந்தது. கர்ணன் வேடம் புனைபவர் எழுபது வயதைக் கடந்த கூத்து வாத்தியார். அவருடைய ஆட்டத்தைப் படமெடுக்க இரண்டு கருவிகள் கிடைத்தன.

ஒன்று, முன்னாள் மாணவர் ஒருவர் அன்பளிப்பாக வழங்கிய கேனான் 5டி. 2005ஆம் ஆண்டு வெளிவந்த டி.எஸ்.எல்.ஆர். கருவி அது. மற்றொன்று, உடன்பணியாற்றும் ஆசிரியர் ஒருவருடைய சோனி ஆர்.எக்ஸ்.100. 2012ஆம் ஆண்டு வெளிவந்த கையடக்கக் கருவி. புறப்படும் முன்பே மாணவர்களிடையே வழக்காடு மன்றம் தொடங்கிவிட்டது. "புதியதே சிறந்தது" என்றது ஓர் அணி. "பெரியதே சிறந்தது" என்றது மற்றோர் அணி. தீர்ப்பைக் கூத்துக் களம் சொல்லட்டும் என்று இரண்டையும் எடுத்துச் சென்றோம்.

கண்ணாடி உள்ளதும் இல்லாததும்

டி.எஸ்.எல்.ஆர். என்பதை எண்ணிம ஒற்றை வில்லை எதிரொளிப்புக் கருவி எனத் தமிழில் கூறலாம். இதன் வில்லைக்குப் பின்னால் 45 பாகைச் சாய்வில் ஓர் ஆடி அமைந்திருக்கும். வில்லை வழியே வரும் ஒளியை அந்த ஆடி மேல்நோக்கித் திருப்பும். ஐங்கோணப் பட்டகம் அவ்வொளியைக் கண்ணுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஆகவே, நாம் பார்வைச் சாளரத்தில் காண்பது மின்திரைக் காட்சியன்று. வில்லை காணும் அதே ஒளி. பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலெழும், ஒளித்தடுப்பு திறக்கும், ஒளி உணரியின்மீது விழும். நாம் கேட்கும் 'படக்' என்னும் ஓசை, பெரும்பாலும் ஆடி எழுந்து தாழும் ஓசையே.

கையடக்கக் கருவியில் ஆடியும் பட்டகமும் இல்லை. ஒளி நேரே உணரியில் விழுந்து, மின்குறிப்பாக மாறிப் பின்புறத் திரையில் காட்சியாகிறது. ஆடிக்குரிய இடம் தேவைப்படாமையால் கருவி மெலிகிறது. வில்லையும் மடிந்து உள்ளே சென்றுவிடுகிறது.

இவ்வமைப்பு வேறுபாடு எடையில் வெளிப்படுகிறது. 5டியின் உடல் மட்டும் 810 கிராம். நாங்கள் பொருத்திய 85 மி.மீ. வில்லை 425 கிராம். இரண்டும் சேர்ந்து ஒன்றேகால் கிலோவை நெருங்கும். மின்கலத்தையும் நினைவட்டையையும் சேர்த்தே ஆர்.எக்ஸ்.100இன் எடை 240 கிராம்தான். இரவு முழுவதும் ஏந்தி நிற்கும் கைக்கு இந்த வேறுபாடு நன்கு புரியும்.

எண்களை எவ்வாறு படிப்பது?

கடைக்குச் சென்று கருவி வாங்குவோர் முதலில் கேட்பது, "எத்தனை மெகாபிக்சல்?" என்பதே. ஒரு மெகாபிக்சல் என்பது பத்து இலட்சம் படப்புள்ளிகள். 5டியில் 12.8 மெகாபிக்சல், ஆர்.எக்ஸ்.100இல் 20.2 மெகாபிக்சல். இவ்வெண்ணை மட்டும் கொண்டால் சிறு கருவியே வென்றது எனலாம். ஆனால், அந்தப் புள்ளிகள் எவ்வளவு பரப்பில் அமைந்துள்ளன என்பதையும் கேட்க வேண்டும்.

5டியின் ஒளியுணரி 35.8 மி.மீ. நீளமும் 23.9 மி.மீ. அகலமும் உடையது. ஆர்.எக்ஸ்.100இன் உணரி 13.2 மி.மீ. நீளமும் 8.8 மி.மீ. அகலமும் உடையது. பரப்பில் முன்னது பின்னதைப்போல் ஏழு மடங்கிற்கும் பெரியது. பெரிய பரப்பில் குறைந்த புள்ளிகள்; சிறிய பரப்பில் மிகுந்த புள்ளிகள். எனவே, ஒரு தனிப் புள்ளிக்குக் கிடைக்கும் பரப்பு 5டியில் பதினொரு மடங்கிற்கும் மிகுதி.

இதன் பயனை மழையைக் கொண்டு விளக்கலாம். தூறல் பெய்யும்போது முற்றத்தில் நான்கு செம்புகளை வரிசையாக வையுங்கள். சிறிது நேரங்கழித்துப் பார்த்தால் ஒன்றில் ஐந்து துளியும் மற்றொன்றில் ஒன்பது துளியும் விழுந்திருக்கலாம். நான்கு அண்டாக்களை வைத்தாலோ, எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு நீர் சேர்ந்திருக்கும். ஒளியும் துளித்துளியாகவே வருகிறது. ஒளி குறைந்த இடத்தில் சிறிய புள்ளிகள் பெறும் ஒளித்துகள்கள் ஒன்றற்கொன்று மாறுபட, படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிக்கோலம் தோன்றும். இதனை 'இரைச்சல்' என்பர். கொட்டும் மழையில் செம்பும் விரைவில் நிரம்பிவிடும். அதுபோல, நண்பகல் வெயிலில் இரு கருவிகளின் படங்களுக்கும் இடையே வேறுபாடு காண்பது அரிது.

இன்னோர் எண்ணும் நம்மை மயக்கும். ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண் 5டியில் இயல்பாக 1600 வரை செல்லும்; நீட்டித்தால் 3200. ஆர்.எக்ஸ்.100இலோ 6400 வரை உண்டு. அந்த எண் படத்தை எவ்வளவு பொலிவாக்கலாம் என்பதைச் சொல்கிறது. பொலிவாக்கிய பின் முகம் தெளிவாக இருக்குமா என்பதைச் சொல்வதில்லை.

நள்ளிரவில் கர்ணன்

இரவு பத்து மணிக்குக் கூத்து தொடங்கியது. களத்தின் இருபுறமும் மின்விளக்குகள் எரிந்தன. நள்ளிரவுக்குப் பின் கர்ணன் வந்தார். திரைக்குப் பின்னின்று பாடித் திரை விலக வெளிப்பட்டு, கிரீடமும் புயக்கட்டைகளும் ஒளிரச் சுழன்றாடினார். சுழலும் உருவத்தை மங்காமல் பிடிக்க ஒளித்தடுப்பு ஒரு நொடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு நேரமே திறந்திருக்க வேண்டும். அச்சிறு நேரத்திற்குள் எந்தக் கருவி மிகுந்த ஒளியைச் சேர்க்கிறதோ அதுவே வெல்லும்.

இங்கு வில்லையின் துளை முதன்மை பெறுகிறது. குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுக்கக் கிடைப்பது எஃப் எண். 85 மி.மீ. குவியத்தூரமும் 1.8 எஃப் எண்ணும் உடைய வில்லையின் துளை ஏறத்தாழ 47 மி.மீ. விட்டம் கொண்டது. ஆர்.எக்ஸ்.100இன் வில்லையைத் தொலைவுக்காக முழுமையாக நீட்டினால் குவியத்தூரம் 37.1 மி.மீ., எஃப் எண் 4.9, துளையின் விட்டம் ஏறத்தாழ 7.6 மி.மீ. பரப்பில் கணக்கிட்டால் நாற்பது மடங்கை ஒட்டிய வேறுபாடு இது. புதிய உணரி தனக்குக் கிடைத்த ஒளியைத் திறம்படப் பயன்படுத்தினாலும் இத்துணைப் பெரிய இடைவெளியை நிரப்ப இயலாது. அன்றிரவு 5டி எடுத்த படத்தில் கர்ணனின் விழிகளில் விளக்கொளி மின்னியது. சிறு கருவியின் படத்தில் முகமும் கிரீடமும் குழம்பிக் கிடந்தன.

ஆயினும், நடுவுநிலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். களம் முழுவதையும் ஒரே சட்டகத்தில் அடக்கும் அகலக் காட்சியில் சிறு கருவியின் எஃப் எண் 1.8 ஆகக் குறைகிறது. துளை ஏறத்தாழ 6 மி.மீ. விட்டம் பெறுகிறது. 5டியில் எஃப் எண் 4 உடைய வில்லையை 28 மி.மீ. தூரத்தில் வைத்தால் துளை 7 மி.மீ.தான். அங்கே இரண்டும் ஏறக்குறைய ஒத்து நிற்கின்றன. எனவே, பெரிய கருவியின் வெற்றியில் அதற்கேற்ற வில்லையை மாற்றிப் பொருத்தும் வசதிக்கும் பங்குண்டு.

சிறியதன் வலிமை

பின்பாட்டும் முகவீணையும் மிருதங்கமும் சேர்ந்தொலிக்க ஆடுவதே கூத்து. அசையாப் படத்தில் அவ்வொலி அடங்காது. 5டியில் காணொளி பதியும் வசதி இல்லை. ஆர்.எக்ஸ்.100 முழு உயர்தெளிவுக் காணொளியை ஒலியோடு பதியும். கட்டியங்காரன் ஊர்மக்களை நகையாடிய பகுதியை மாணவர்கள் பின்னர் எழுத்தில் வடிக்க முடிந்தது அக்காணொளியால்தான்.

மேலும், சிறு கருவியின் ஒளித்தடுப்பு வில்லைக்குள்ளேயே அமைந்திருப்பதால் ஓசை மிகக் குறைவு. ஒப்பனை செய்யும் இடத்தில் பெரிய கருவியைத் தூக்கியபோதெல்லாம் கலைஞர்கள் பேச்சை நிறுத்தி நிமிர்ந்து அமர்ந்தனர். சிறியதைக் கண்டு எவரும் தம் வேலையை நிறுத்தவில்லை.

விடியலில் ஒரு முகம்

கூத்து முடிந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. பெரிய கருவியைத் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டோம். வாத்தியார் வேப்பமரத்தடியில் அமர்ந்து, தேங்காயெண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதி முகம் கர்ணனாகவும் பாதி முகம் அவராகவும் இருந்தது. "பசங்க தூங்கலையா? டீ குடிச்சீங்களா?" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். உடன்வந்த ஆசிரியர் சட்டைப்பையிலிருந்து சிறு கருவியை எடுத்து ஒரே ஒரு படம் எடுத்தார். அரிதாரம் முழுவதும் நீங்கியபின் இன்னொன்று.

மறு ஆண்டு வாத்தியார் மறைந்தார். அவருடைய மகன் பள்ளிக்கு வந்து, "அப்பா படம் ஏதாவது இருக்குதா ஐயா?" என்று கேட்டார். 5டி எடுத்த கர்ணன் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மன்ற அறையில் மாட்டியிருந்தோம். அதனைப் பெருமையோடு காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்தார். பின்பு, "இது கர்ணன் ஐயா. எங்க அப்பா மொகம் வேணும்" என்றார். வேப்பமரத்தடிப் படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தோம். வாங்கிய கை நடுங்கியது. அந்தக் குடும்பத்தில், ஒப்பனையின்றி அவர் சிரிக்கும் படம் அது ஒன்றே.

அன்றைக்குத்தான் எங்கள் வழக்காடு மன்றம் உண்மையில் முடிவுற்றது. கர்ணனை நமக்குத் தந்தது கனமான கருவி. அவர் மகனுக்குத் தந்தையைத் தந்தது, அந்நேரத்தில் கைக்கெட்டிய கருவி.

தேர்வோர் அறிய வேண்டுவன

மாணவர்களே, குடும்பத்தின் உழைப்பில் சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு கருவி வாங்கும் நாள் உங்களுக்கும் வரும். அன்று, எது சிறந்தது என்று கேட்பதற்கு முன் எதனைப் படமெடுக்கப் போகிறோம் என்று கேளுங்கள். இரவு நிகழ்ச்சி, விரைந்த அசைவு, தொலைவிலுள்ள முகம் ஆகியவற்றிற்குப் பெரிய உணரியும் அகன்ற துளையும் வேண்டும். பயணத்திற்கும் காணொளிக்கும் இயல்பான தருணங்களுக்கும் எப்போதும் உடனிருக்கும் சிறு கருவி உதவும்.

ஏ4 தாளில் ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட 8.7 மெகாபிக்சல் போதும். அதற்குமேல் உள்ள எண்ணுக்காக மட்டும் பணம் கொடுக்க வேண்டுமா என எண்ணிப் பாருங்கள். பழைய கருவியை வாங்குவோர் அதன் ஒளித்தடுப்பு எத்தனை முறை இயங்கியுள்ளது, மின்கலம் கிடைக்குமா, நினைவட்டை எவ்வகையினது என்பவற்றை உசாவ வேண்டும். 5டியின் ஒளித்தடுப்பு ஓரிலட்சம் முறை இயங்குவதற்கென வடிவமைக்கப்பட்டது. அது ஏற்கும் நினைவட்டை, இன்றைய சிறு கருவிகளின் நினைவட்டையினின்று வேறுபட்டது.

கையில் கைப்பேசி மட்டுமே உள்ளதெனினும் வருந்த வேண்டுவதில்லை. அதன் உணரி மிகச் சிறியது; அதனால் அதற்கு நல்ல ஒளி தேவை. முகத்தைச் சாளரத்தின் பக்கம் திருப்பி அமரச் செய்யுங்கள். உங்கள் வீட்டு முதியோரின் முகங்களை இன்றே பதிவு செய்யுங்கள்.

தெரிந்து தெளிவோம்

ஒளியை மின்குறிப்பாக மாற்றும் சி.சி.டி. உணரியை 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் சுமித் ஆகியோர் உருவாக்கினர். இதற்காக 2009ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1975இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் கையில் ஏந்தத்தக்க எண்ணிம ஒளிப்படக்கருவியை உருவாக்கினார். 0.01 மெகாபிக்சல் அளவுள்ள ஒரு கருப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 நொடிகள் ஆயின.

கலைச்சொல் அறிவோம்

ஒளியுணரி – சென்சார்
படப்புள்ளி – பிக்சல்
ஒளித்தடுப்பு – ஷட்டர்
ஒளித்துளை – அப்பர்ச்சர்
பார்வைச் சாளரம் – வியூஃபைண்டர்
இரைச்சல் – நாய்ஸ்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வாழும் கலைஞர் அல்லது கைவினைஞர் ஒருவரைத் தொழில் செய்யும் நிலையிலும் ஓய்ந்திருக்கும் நிலையிலும் அவர் இசைவோடு படமெடுத்து, இரு படங்களையும் ஒப்பிட்டு எழுதுக.
2. ஒரே காட்சியை நண்பகலிலும் இரவு விளக்கொளியிலும் கைப்பேசியால் படமெடுத்து, காணும் வேறுபாடுகளுக்குக் காரணம் கூறுக.

நம்மை அளப்போம்

குறுவினா
1. டி.எஸ்.எல்.ஆர். கருவியில் ஆடியின் பணி யாது?
2. எஃப் எண் எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

சிறுவினா
1. படத்தில் 'இரைச்சல்' தோன்றும் முறையை மழை உவமை கொண்டு விளக்குக.
2. "இது கர்ணன் ஐயா. எங்க அப்பா மொகம் வேணும்" – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா
மெகாபிக்சல் எண்ணிக்கை ஒன்றையே கொண்டு ஒளிப்படக்கருவியை மதிப்பிடலாகாது என்பதைப் பாடப்பகுதிச் சான்றுகளுடன் நிறுவுக.