காரீயத்துக்கு எத்தனை எடை?

நம்பிக்கை: ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும், எடையும் இம்மி பிசகாது.

இப்படிச் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. 1808இல் ஜான் டால்டன் நூலாகவே எழுதி வெளியிட்ட கருத்து இது. நூறாண்டுக் கால வேதியியல் இதன்மேல்தான் நின்றது. பள்ளியில் டால்டன் கொள்கையை மனப்பாடம் செய்து ஒப்பித்த பலருக்கு அது இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. பிற்பாடு வந்த திருத்தம்தான் மறந்துபோகிறது.

அந்தத் திருத்தத்துக்கான சான்றுகளில் ஒன்று இலங்கையிலிருந்து போனது. அங்கே கிடைக்கும் தோரைட் என்ற கனிமத்தில் தோரியம் நிறைய உண்டு. தோரியம் கதிர்வீச்சை உமிழ்ந்து படிப்படியாகச் சிதைந்து கடைசியில் காரீயமாகிவிடும். முதல் உலகப்போர் தொடங்கிய காலத்தில் பிரிட்டிஷ் வேதியியலாளர் பிரெடரிக் சாடி இந்தத் தோரைட்டிலிருந்து காரீயத்தைப் பிரித்தெடுத்தார். சாதாரணக் காரீயத்தின் அணு எடை 207.2. இலங்கைக் காரீயமோ 207.7ஐத் தாண்டியது. அதே சமயத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தியோடர் ரிச்சர்ட்ஸ், யுரேனியக் கனிமங்களில் உண்டான காரீயத்தை அளந்து பார்த்தார். அது 207ஐக்கூட எட்டவில்லை. அளவையில் பிழை என்று தள்ளிவிடவும் வழியில்லை. அணு எடைகளைத் துல்லியமாக அளந்ததற்காகவே 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றவர் ரிச்சர்ட்ஸ்.

எடையில் வேறுபட்ட இந்தக் காரீயங்கள் வேதி வினைகளில் ஒன்றுபோலவே நடந்துகொண்டன. கலந்துவிட்டால் எந்த வேதிமுறையாலும் அவற்றைப் பிரிக்க முடியவில்லை. சாடி 1913லேயே இத்தகைய அணுக்களை ஐசோடோப்புகள் என்று அழைத்திருந்தார். ஏன் இந்த எடை வேறுபாடு என்பது முழுமையாகத் தெளிவானது 1932இல், ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்த பிறகு. தோரியத்தின் வழிவந்த காரீய அணுவில் 126 நியூட்ரான்கள். யுரேனியத்தின் வழிவந்ததில் 124. இரண்டிலும் புரோட்டான்கள் 82. அந்த 82தான் காரீயம். ஒன்று கூடினால் பிஸ்மத், ஒன்று குறைந்தால் தாலியம்.

தனிமங்களை வரிசைப்படுத்த வேண்டியது எடையை வைத்து அல்ல, அணுக்கருவின் மின்னூட்டத்தை, அதாவது புரோட்டான் எண்ணிக்கையை வைத்து என்று எக்ஸ் கதிர்களின் துணையோடு 1913இல் காட்டியவர் ஹென்றி மோஸ்லி. எடை கூடுதலான ஆர்கான், எடை குறைந்த பொட்டாசியத்துக்கு முன்னால் ஏன் நிற்கிறது என்ற பழைய சிக்கல் அத்தோடு தீர்ந்தது. மோஸ்லி 1915இல் கலிப்போலி போர்க்களத்தில் குண்டடிபட்டு இறந்தார். வயது 27. அறிவியலுக்கு அந்தப் போர் செய்த நட்டங்களில் இதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்வது கடினம்.

நம்பிக்கை: எடை ஒன்றாக இருந்தால் தனிமமும் ஒன்றே.

ஆர்கான்-40, பொட்டாசியம்-40, கால்சியம்-40 மூன்றும் ஏறத்தாழ ஒரே எடை கொண்டவை. முதலாவது குண்டு பல்புக்குள் நிரப்பும் வாயு. இரண்டாவது வாழைப்பழத்தில் மிகச் சிறிதளவு உண்டு. மூன்றாவது எலும்பில் இருக்கிறது. புரோட்டான்கள் முறையே 18, 19, 20.

நம்பிக்கை: ஐசோடோப்பு என்றாலே கதிரியக்கம், ஆபத்து.

செய்திகளில் அந்தப் பெயர் அணுஉலையோடும் புற்றுநோய்ச் சிகிச்சையோடும் சேர்ந்தே வருவதால் உண்டான அச்சம் இது. வெள்ளீயத்துக்கு மட்டும் நிலையான, அதாவது கதிரியக்கம் இல்லாத, ஐசோடோப்புகள் பத்து இருக்கின்றன. கல்பாக்கம் அணுமின் நிலைய உலைகளில் பயன்படும் கனநீரில், நியூட்ரானே இல்லாத சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாக, ஒரு நியூட்ரானைச் சுமக்கும் டியூட்டீரியம் இருக்கிறது. அதுவும் நிலையானதுதான். உலைக்குள் போகாத தூய கனநீருக்குக் கதிரியக்கம் கிடையாது.

ஆனால் கனநீர் இன்னொரு விஷயத்தையும் காட்டிக்கொடுக்கிறது. ஐசோடோப்புகள் நடத்தையில் துளியும் வேறுபடாது என்பதும் சரியில்லை. கனநீர் 3.8 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டியைச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். ஹைட்ரஜன் மிக இலேசான அணு என்பதால் ஒரு நியூட்ரான் சேர்ந்தாலே எடை இரட்டிப்பாகிறது. காரீயம் போன்ற கனமான தனிமங்களில் இந்த வேறுபாடு இருப்பதே தெரியாது.

எலெக்ட்ரான் எண்ணிக்கையாவது மாறாமல் இருக்குமா? அதுவும் இல்லை. தண்ணீரில் போட்டால் தீப்பற்றிச் சீறும் சோடியம் உலோகமும், ரசத்தில் போடும் உப்பிலுள்ள சோடியமும் ஒரே தனிமம். உப்பில் அது ஓர் எலெக்ட்ரானை இழந்திருக்கிறது. புரோட்டான்கள் இரண்டிலும் 11.

வகுப்பறைச் சுவரில் தொங்கும் தனிம அட்டவணையில் குளோரினின் அணு எடை 35.45 என்று அச்சிட்டிருக்கும். அந்த எடையில் ஒரு குளோரின் அணுகூட உலகில் கிடையாது. ஏறத்தாழ நான்கில் மூன்று அணுக்கள் குளோரின்-35, மீதி குளோரின்-37. அட்டவணையில் இருப்பது அவற்றின் சராசரி.